காரீயக் குழி வழக்கும் மூன்றாம் பரிசுப் பூசணிக்காயும்

பத்மநாதனுக்கு ஒஸ்லோவில் மூன்று எதிரிகள்: ராகு, கேது, தமிழ்ச் சங்கத்துக் கலைவிழாக் குழு. முதல் இரண்டும் கிடையவே கிடையாது என்று அவர் பலமுறை நிரூபித்திருக்கிறார். மூன்றாவதை அப்படி ஒழித்துக்கட்ட முடியவில்லை. அது வருடா வருடம் கூடி, வடை தின்று, தீர்மானம் எழுதியது.

அவர் நகரப் பஸ் சாரதி. உரும்பிராயில் பிறந்தவர். எண்பதுகளில் அகதியாக நோர்வே வந்து, வடக்கே ஒரு மீன் தொழிற்சாலையில் சில வருடங்கள் கொட் மீனுக்குத் தலை வெட்டினார். அங்கே மாரிகாலத்தில் சூரியனே எட்டிப் பார்க்காது. வேறு போக்கிடம் இல்லாததால் ஊர் நூலகத்தில் இருந்த புத்தகங்களையெல்லாம் வாசித்தார். மொழி தெரியாமல் ஒருமுறை வாசித்தார். தெரிந்த பிறகு முதலிலிருந்து திரும்பவும் வாசித்தார். பிறகு ஒஸ்லோவுக்கு வந்து, வசந்தமலரைக் கல்யாணம் கட்டி, ஹவுகன்ஸ்டுவாவில் அடுக்குமாடி வீடு வாங்கி, மயூரா என்ற ஒரே மகளை வளர்த்து ஆளாக்கினார். வாசிப்பு நிற்கவில்லை. வாசித்ததை மற்றவர்களுக்குச் சொல்வதும் நிற்கவில்லை. எங்காவது அநியாயத்தைக் கண்டால் அவருக்கு வேர்க்கும். மைனஸ் இருபதிலும் வேர்க்கும்.

அவர் சொல்வதையெல்லாம் பொறுமையாகக் கேட்டு, ஒன்றையும் நம்பாத ஒரே மனிதர் பாலேந்திரன். ஒரு பாடசாலையில் கட்டடப் பராமரிப்பாளர். மீன் தொழிற்சாலையிலேயே பக்கத்து மேசையில் நின்று தலை வெட்டியவர். சாமி, சாத்திரம், பல்லி விழும் பலன், எல்லாவற்றிலும் அவருக்கு முழு நம்பிக்கை. இருவரும் எதிலும் ஒத்துப்போனதில்லை. ஆகவே இத்தனை வருடமாகக் கதைக்க விஷயம் குறையவில்லை.

இருவருக்கும் பொதுவாக ஒரு தோட்டத்துண்டு இருந்தது. ரயில் பாதைக்கு அப்பால் ஒரு தோட்டச் சங்கம். அதில் ஒரு துண்டு கிடைக்க வருடக்கணக்காகக் காத்திருக்க வேண்டும். பத்மநாதன் எப்போதோ பெயர் கொடுத்துவிட்டு மறந்தே போயிருந்தார். முறை வந்ததும் ஒப்பந்தத்தில் கையெழுத்து வைத்தார். மண்வெட்டியைப் பிடித்தவர் பாலேந்திரன். “சரிபாதி மச்சான்” என்று பேச்சு. எழுத்து எதுவும் இல்லை. பத்மநாதன் தொட்ட செடி பிழைப்பதில்லை என்பதால் அது நல்ல ஏற்பாடுதான். எதைச் செய்தாலும் சாகாது என்று நோர்வேக்காரர் சொல்லும் ருபார்ப் செடியையே அவர் ஒரு கோடையில் சாகடித்திருந்தார். மடக்குக் கதிரையில் இருந்துகொண்டு, மண்ணைப் பற்றி வாசித்ததைப் பாலேந்திரனுக்கு விளக்குவது அவருடைய பங்கு. பின்னேரங்களில் வசந்தமலரும் பாலேந்திரனின் மனைவி மேரினும் தேத்தண்ணி கொண்டு வருவார்கள்.

அந்த மே மாதம், ஒரு சனிக்கிழமை காலை, உருளைக்கிழங்கு நடப்போன இடத்தில் பாலேந்திரன் மண்வெட்டியைச் சாத்திவிட்டுக் குந்தினார்.

“இப்ப நடக்கூடாது பத்மா. ராகுகாலம்.”

“எத்தினை மணி மட்டும்?”

பாலேந்திரன் கைத்தொலைபேசியைப் பார்த்தார். “பதினொண்டு மட்டும்.”

“எப்ப தொடங்கினது?”

“ஒம்பதுக்குக் கொஞ்சம் முன்னம்.”

பகற்பொழுதை எட்டாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ராகுவுக்கு. யாழ்ப்பாணத்தில் அது ஒன்றரை மணித்தியாலம். ஒஸ்லோவின் கோடைப் பகலோ முடியவே முடியாது. ராகுவின் பங்கும் சேர்ந்து நீளும்.

“பாத்தியோ! உன்ரை ராகு இஞ்சை வந்து ஓவர்டைம் செய்யிறான். டிசம்பரிலை முக்கால் மணித்தியாலத்திலை வேலையை முடிச்சுப்போட்டு வீட்டை போறான். அவனுக்கும் யூனியன் இருக்கோ?”

“இருக்கும். உனக்கு இருக்குது, அவருக்கு இருக்கக்கூடாதோ?”

இப்படியே பதினொரு மணியானது. அந்த மண்ணிலிருந்துதான் முந்தின வருடம் ஒரு பூசணிக்காய் தோட்டச் சங்கப் போட்டியில் மூன்றாம் பரிசு வாங்கியிருந்தது. பூசணிக்காய்ப் படம் போட்ட சான்றிதழில் இருவர் பெயரும் அச்சாகி, கருவிக் கொட்டிலின் சுவரில் தொங்கியது.

அந்தக் கிழமைதான் கலைவிழாக் குழு கூடியது. விழாவின் முக்கிய நிகழ்ச்சி வழக்காடு மன்றம். மேடையை நீதிமன்றமாக்கி, ஒருவர் குற்றம் சாட்ட, ஒருவர் மறுக்க, நடுவர் தீர்ப்புச் சொல்வார். ஒவ்வொரு முறையும் புராணத்து அண்ணன் தம்பி யாரையாவது கூண்டில் ஏற்றுவார்கள். நடுவர் எப்போதும் விமலாதேவி ரீச்சர். ஞாயிறு தமிழ்ப் பள்ளியை நடத்துபவர். பிள்ளைகளின் காதைத் திருகுவதை நோர்வேச் சட்டம் அனுமதிக்காததால் பார்வையாலேயே திருகப் பழகியவர்.

“ரீச்சர், இந்த முறை உண்மையான வழக்கு ஒண்டை எடுப்பம்” என்று பத்மநாதன் எழுந்தார். “அரக்கருக்கு எத்தினை தரம் தீர்ப்புச் சொல்லுறது? அவையள் ஒருநாளும் மேன்முறையீட்டுக்கு வந்ததில்லை.”

பழைய சட்ட அறிக்கைகளை இணையத்தில் கிளறியபோது அவர் கண்டெடுத்த வழக்கு அது. வெள்ளைக்காரன் இலங்கையை ஆண்ட காலம். குருநாகல் பக்கம் பென்சிலுக்குள் வைக்கும் காரீயத்தைக் குழி தோண்டி எடுத்தார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து போன இருவர் அதில் கூட்டுச் சேர்ந்தார்கள். அரசாங்கக் கச்சேரியில் கிளாக்கராக இருந்த கந்தப்பர் பெயரில் காணிக் குத்தகை, நொத்தாரிசு எழுதிய உறுதிப் பத்திரத்தோடு. காரீயம் இருந்த இடத்தைக் கண்டுபிடித்துக் குழி வேலையைப் பார்த்தவர் ஓவசியர் சின்னத்தம்பி. சரிபாதி என்று வாயால் பேசிக்கொண்டார்கள். ஆனால் பெரிய முதல் போட்ட கூட்டு எழுத்தில் இல்லாவிட்டால் செல்லாது என்பது அக்காலச் சட்டம். காரீயம் விலை ஏறியதும் கந்தப்பருக்கு அந்தச் சட்டம் ஞாபகம் வந்தது. சின்னத்தம்பியின் கையில் ஒரே ஒரு பிடி இருந்தது: கொழும்புக் கொம்பனி ஒன்றோடு செய்த விற்பனை ஒப்பந்தத்தில் இருவரும் கூட்டாளிகள் என்று கையெழுத்து வைத்திருந்தார்கள். கீழ்க்கோடு, அதாவது கீழ் நீதிமன்றம், சின்னத்தம்பிக்கு என்றது. மேற்கோடு கந்தப்பருக்கு என்றது. வழக்கு கப்பலேறி லண்டனுக்குப் போனது. பேரரசின் கடைசிக் கோடு அங்கேதான். கோமறைக் கழகம் என்பார்கள். அது வாய் திறக்குமுன் காரீயம் விலை விழுந்தது, குழிக்குள் தண்ணீர் ஏறியது, இரண்டு பேரும் கைவிட்டார்கள். தீர்ப்பு வரவேயில்லை.

ரீச்சருக்குப் பிடித்துவிட்டது. பிரதிவாதி கந்தப்பர் பக்கம் ஒருவர், வாதி சின்னத்தம்பி பக்கம் ஒருவர். பத்மநாதன் ஒரு பக்கம் என்பது தானாகவே முடிவானது. இன்னொரு பக்கத்துக்கு அவரே பாலேந்திரனை இழுத்து வந்தார். யாருக்கு எது என்று ஐஸ்கிரீம் பெட்டிக்குள் சீட்டுப் போட்டார்கள்.

பத்மநாதனுக்குக் கந்தப்பர் விழுந்தார்.

“ரீச்சர், மாத்துங்கோ! நான் உழைக்கிறவன்ரை பக்கம். சின்னத்தம்பி எனக்குத்தான் வரவேணும்.”

“நீர்தானே சீட்டு எண்டனீர்? வந்ததை வைச்சுக் கதையும்.”

அந்தச் சோகம் அவருக்கு இரண்டு நாள்தான் இருந்தது. பிறகு கந்தப்பரின் பக்கத்திலும் வாதம் இருக்கிறது என்று கண்டார். அதன் பிறகு கந்தப்பரின் பக்கத்தில் மட்டுமே வாதம் இருக்கிறது என்று கண்டார். குளித்தபோது பேசிப் பார்த்தார். பஸ் ஓட்டும்போதும் பேசிப் பார்த்தார். ஒருநாள் ஒலிவாங்கியை மூட மறந்துவிட, “கனம் நடுவர் அவர்களே! எழுத்தில்லாத ஒப்பந்தம் காற்று!” என்ற முழக்கம் பஸ் முழுக்கக் கேட்டது. பின்னாலிருந்த ஒரு நோர்வேக் கிழவி, தரிப்பிடம் மாறிவிட்டது என்று நினைத்து அவசரமாக இறங்கிப் போனார்.

விழா ஜூன் மாதம் ஒரு சனிக்கிழமை மத்தியானம். மண்டபம் நிறைந்திருந்தது. பாலேந்திரன் வேட்டி கட்டி வந்து, எழுதி வைத்ததை மறந்து, தன் வாயில் வந்ததைச் சொன்னார்.

“கனம் நடுவர் அவர்களே… சின்னத்தம்பி வேலை செய்தவர். கந்தப்பர் கதிரையிலை இருந்தவர். ஒரு மனிசன் வாய் திறந்து சரிபாதி எண்டு சொன்னால் அது சரிபாதிதானே? அதுக்கு மேலை என்ன கிடக்கு?”

நல்ல கைதட்டல். அந்தக் கைதட்டல் பத்மநாதனைக் கெடுத்தது.

“கனம் நடுவர் அவர்களே!” என்று எழுந்தார். “வேலை செய்தவனுக்குச் சொந்தம் என்றால், பிரசவம் பார்த்த டாக்டருக்குப் பிள்ளையில் பாதி கொடுக்க வேண்டும்! மண்ணைக் கிண்டியவனுக்குப் பங்கு என்றால், முதற்பங்கு மண்வெட்டிக்கு! இரண்டாம் பங்கு மண்புழுவுக்கு! அது இரவு பகலாகக் கிண்டுகிறது. ஒருநாளாவது கோட்டுக்கு வந்து பாதி கேட்டதா?”

மண்டபம் இடிந்து விழச் சிரித்தது. சிரித்தவர்கள் அப்படியே பாலேந்திரனைத் திரும்பிப் பார்த்தார்கள். ரயில் பாதைத் தோட்டத்தில் யார் கதிரையில் இருப்பது, யார் கிண்டுவது என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். பத்மநாதனுக்கு அது தெரியவில்லை. அவர் கந்தப்பராகவே மாறியிருந்தார். பதில் சொல்ல ரீச்சர் அழைத்தபோது பாலேந்திரன், “எனக்குச் சொல்ல ஒண்டுமில்லை ரீச்சர்” என்று இருந்துவிட்டார். கந்தப்பர் வென்றார்.

பொன்னாடையோடு வீட்டுக்கு வந்த பத்மநாதனை வசந்தமலர் மேலும் கீழும் பார்த்தார்.

“வெண்டாச்சோ?”

“வெண்டாச்சு!”

“நல்லது. இனி உருளைக்கிழங்கு ஆர் கிண்டுறது?”

அந்தக் கேள்வி அவருக்கு மறுநாள் காலை தோட்டத்தில்தான் விளங்கியது. பாலேந்திரன் கொட்டிலுக்குள் நின்று தன் சாமான்களைச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார்.

“என்னடா செய்யிறாய்?”

“என்ரை மண்வெட்டியைக் கொண்டு போறன். அதின்ரை பங்கை நீ வைச்சுக்கொள்.”

“டேய், அது மேடைப்பேச்சடா!”

“கந்தப்பரும் கோட்டிலை நிண்டுதான் கதைச்சவர்.”

“நான் உண்மையிலை சின்னத்தம்பியின்ரை பக்கம்தான்ரா. சீட்டிலை மாறி விழுந்திட்டுது.”

“சீட்டிலை கந்தப்பர்தான் விழுந்தவர். மண்புழுவை நீயாக் கொண்டந்தாய்.”

பாலேந்திரன் சுவரில் தொங்கிய சான்றிதழைக் கழற்றி, செடி நறுக்கும் கத்தரிக்கோலால் நடுவே வெட்டினார். பூசணிக்காய் சரிபாதியாகப் பிளந்தது. தன் பெயர் இருந்த பாதியைச் சாக்குக்குள் போட்டுக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனார்.

பத்மநாதன் சும்மா இருக்கவில்லை. ஒப்பந்தத்தில் பாலேந்திரனின் பெயரையும் சேர்த்துவிட்டால் கதை முடிந்தது என்று மயூராவைக் கூப்பிட்டார். அவள் தோட்டச் சங்கத்தின் விதிகளைக் கணினியில் வாசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

“டெ கோர் இக்க, அப்பா. சரிவராது. ஒரே வீட்டிலை இருக்கிற ஆக்களின்ரை பேர்தான் போடலாம். வெளியாள் எண்டால் வென்ட்டலிஸ்டிலை, காத்திருக்கிற வரிசையிலை, கடைசியிலை போய் நிக்கவேணும்.”

“வேறை வழியே இல்லையோ?”

“இருக்கு. அம்மாவை விட்டிட்டு நீங்கள் பாலேந்திரன் மாமாவைக் கலியாணம் கட்டலாம். நோர்வேயிலை அதுக்குத் தடையில்லை.”

வசந்தமலர் குசினியிலிருந்து, “எனக்கும் தடையில்லை” என்றார்.

பாலேந்திரன் அவரோடு கதைப்பதை அடியோடு விட்டார். ஒருநாள் மழையில் தரிப்பிடத்தில் நின்றவரைக் கண்டு பத்மநாதன் பஸ் கதவைத் திறந்தார்.

“ஏறடா, நனையாதை.”

“ஏன், பஸ்ஸிலை என்ரை பேர் எழுதிக் கிடக்கோ?”

“ஆற்றை பேரும் எழுதிக் கிடக்கேல்லை! ஏறு!”

“அப்ப எழுத்தில்லாமல் ஏறலாமோ? சட்டத்தைப் பாத்துச் சொல்லு.”

பஸ்ஸுக்குள் இருந்தவர்கள் மணிக்கூட்டைப் பார்க்கத் தொடங்கினார்கள். கதவை மூடிக்கொண்டு போகவேண்டியதாயிற்று. கண்ணாடியில் பார்த்தபோது பாலேந்திரன் மழைக்குள் நின்று அடுத்த பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தார். ராகு இல்லை என்று சொல்வதற்கு ராகுவை நம்பும் ஒருவன் பக்கத்தில் வேண்டும். தோட்டத்தில் மடக்குக் கதிரையில் தனியாக இருந்து, ராகு இல்லை என்று பாத்தியில் நின்ற ஒரு முட்டைக்கோவாவுக்குச் சொல்லிப் பார்த்தார். கோவா மறுத்துப் பேசவில்லை.

ஆச்சரியம் என்னவென்றால் தோட்டம் சாகவில்லை. அவர் வேலைக்குப் போகுமுன் போய்ப் பார்க்கும்போதெல்லாம் வெங்காயப் பாத்தி ஈரமாக இருந்தது. களை ஒன்றையும் காணவில்லை. உருளைக்கிழங்குச் செடிகளுக்கு மண் அணைத்துக் கிடந்தது. அவர் இதைப் பற்றி ஆழமாக யோசித்து ஒரு விளக்கம் கண்டுபிடித்தார்.

“மலர், இது விஞ்ஞானம். விடியப்புறம் பனி விழுது. அந்த ஈரம் மண்ணைப் பொங்கப்பண்ணி, தானாச் செடிக்கு அணையுது. களை அந்த ஈரத்திலை அழுகிப் போகுது.”

வசந்தமலர் நகத்திடுக்கிலிருந்த மண்ணைப் பழைய பல்தூரிகையால் தேய்த்துக்கொண்டே, “ஓமப்பா, பனியாத்தான் இருக்கும்” என்றார்.

கடைசியில் பத்மநாதன் விமலாதேவி ரீச்சரின் வீட்டுக்குப் போய், தீர்ப்பை மாற்றச் சொல்லிக் கேட்டார்.

“வெண்டவர் வந்து மேன்முறையீடு கேக்கிறதோ? உமக்கென்ன விசரே பத்மநாதன்?”

“ரீச்சர், நான் வெண்டது அநியாயம்.”

“அதை வெல்ல முதல் யோசிச்சிருக்கவேணும். என்ரை தீர்ப்புக்கு மேலை வேணுமெண்டால் லண்டனுக்குப் போம்!”

அவரைத் துரத்துவதற்காகத்தான் ரீச்சர் அப்படிச் சொன்னார். ஆனால் பத்மநாதனின் முகம் மலர்ந்தது. லண்டனில் அந்த வழக்கு இன்னும் தீராமல்தானே கிடக்கிறது! லண்டனில் அவருக்கு ஆளும் இருந்தது. வசந்தமலரின் அண்ணன் சண்முகலிங்கம், ஓய்வுபெற்ற கடைக்காரர், இளவயதில் யாழ்ப்பாணக் கோட்டில் சில மாதங்கள் தட்டெழுத்தாளராக இருந்தவர். கோமறைக் கழகத்துக்கு அவ்வளவு தகைமை போதும். வழக்குச் சுருக்கம் அன்றே வாட்ஸப்பில் லண்டன் போய்ச் சேர்ந்தது. இந்த முறை கப்பல் தேவைப்படவில்லை.

விசாரணை ஜூலையில், தோட்டத்திலேயே நடந்தது. வரமாட்டேன் என்ற பாலேந்திரனை மேரின் சேர்ட் கையில் பிடித்து இழுத்து வந்தார். கைத்தொலைபேசியைத் தக்காளிக் கம்பில் கட்டினார்கள். திரையில் சண்முகலிங்கம் கோட் போட்டு, தலையில் வெள்ளைத் துவாய் ஒன்றைத் தோள்வரை தொங்கவிட்டிருந்தார். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவி யோகாம்பாள் முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தார்.

“மச்சாள், அண்ணை இப்பதான் குளிச்சவரோ?” என்று வசந்தமலர் கேட்டார்.

“இல்லையடி. இது நீதிபதியின்ரை தலைமயிராம். என்ரை நல்ல துவாய்.”

“அமைதி!” என்றார் சண்முகலிங்கம். “மேன்முறையீட்டாளர் கதைக்கலாம்.”

பத்மநாதன் எழுந்து, சின்னத்தம்பிக்காக உயிரைக் கொடுத்துப் பேசினார். உழைத்தவனின் வாய்ச்சொல்லைப் பணக்காரனின் காகிதம் விழுங்கலாமா என்று கேட்டார். கொழும்புக் கொம்பனி ஒப்பந்தத்தில் இரண்டு பெயரும் இருந்ததே, அதுதானே சாட்சி என்றார். பிறகு சட்டைப் பையிலிருந்து பாதிச் சான்றிதழை எடுத்துத் தூக்கிப் பிடித்தார். “பிரபு அவர்களே, இதே மாதிரித்தான் இதுவும்! இந்தப் பூசணிக்காயை வளத்தது ரெண்டு பேர் எண்டு அச்சடிச்சுக் கிடந்தது. மற்றப் பாதி எதிராளியின்ரை கையிலை!”

பாலேந்திரனுக்குப் பொறுக்கவில்லை. பத்மநாதன் ஒரு பக்கம் நின்றால் மற்றப் பக்கம் நின்றே பழகிய மனிதர்.

“இல்லை பிரபு! எழுத்துத்தான் முக்கியம். கந்தப்பர் சொன்னதுதான் சரி. இந்தத் தோட்டம் அவன்ரை!”

“இல்லை, உன்ரை!”

“உன்ரையடா!”

சண்முகலிங்கம் துவாயை நகர்த்தித் தலையைச் சொறிந்தார். “பொறுங்கோ, பொறுங்கோ. இதிலை ஆர் ஆற்றை பக்கம்?”

“நான் ஒண்டு கேக்கட்டே?” முருங்கையிலைப் பக்கமிருந்து குரல் வந்தது. “அந்தக் காரீயக் கிடங்குக்கை இறங்கினது ஆர்?”

“சின்னத்தம்பி, அக்கா” என்றார் பத்மநாதன்.

“சின்னத்தம்பி ஓவசியர் எண்டெல்லோ எழுதியிருந்தனீங்கள்? ஓவசியர் மேலை குடையோடை நிண்டிருப்பார். ஏணியிலை கீழை இறங்கி, கரி பிடிச்சு, கூடையிலை சுமந்து ஏத்தினது ஆர்? அவையின்ரை பேர் என்ன?”

பத்மநாதனுக்கு வேர்த்தது. அந்த அறிக்கையை அவர் திரும்பத் திரும்ப வாசித்தவர். நொத்தாரிசின் பெயர் தெரியும். நீதிபதிகளின் பெயர் தெரியும். காகிதம் ஏறிப்போன கப்பலின் பெயர்கூடத் தெரியும். இறங்கியவர்கள் மட்டும் ‘கூலிகள்’ என்ற ஒரே சொல்லுக்குள் கிடந்தார்கள். குழி யாருக்குச் சொந்தம் என்று மூன்று கோடுகளில் சண்டை பிடித்தார்கள். குழிக்குள் இருந்தவனை ஒரு கோடும் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்கவில்லை. உழைப்பவன் பக்கம் என்று மார்தட்டிய தானும் அந்தச் சொல்லைத் தாண்டிப் போய்விட்டதை நினைக்க அவருக்கு வெட்கமாக இருந்தது.

“தெரியாது அக்கா” என்றார் மெதுவாக.

“சரி, அது போகட்டும். இந்தத் தோட்டத்திலை களை பிடுங்கினது ஆர்?”

“பாலேந்திரன்!”

பாலேந்திரன் தொண்டையைச் செருமினார். “நான்… கொத்தினனான். கொத்தினது முழுக்க நான்தான். களை… களை பெரிசா வாறேல்லை.”

“தண்ணி விட்டது?”

“பனி” என்றார் பத்மநாதன்.

மேரின் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த வாளி விழுந்து, பக்கத்துத் துண்டில் வேலை செய்த நோர்வேக்காரர் எட்டிப் பார்த்தார்.

“பனியோ?” என்றார் வசந்தமலர். “இஞ்சருங்கோ, ஒவ்வொரு வருசமும் நாங்கள் ரெண்டு பேரும் தேத்தண்ணி கொண்டு வந்தனாங்கள். தேத்தண்ணி குடிச்சு முடிய அஞ்சு நிமிசம். நீங்கள் ரெண்டு பேரும் ராகுவைப் பற்றிக் கதைச்சுக்கொண்டு வீட்டை போயிடுவியள். அதுக்குப் பிறகு இருட்டுமட்டும் நாங்கள் இஞ்சை என்ன செய்தனாங்களாம்?”

“ஜூனிலை இருட்டே வாறேல்லை மலர்” என்று பத்மநாதனின் வாய் தானாகத் திருத்தியது.

“நீங்கள் ரெண்டு பேரும் கோவிச்சுக்கொண்டு திரிஞ்ச இந்த மாசம் முழுக்கவும் நாங்கள்தான் பாத்தனாங்கள், அண்ணை” என்றார் மேரின். “மண் அணைச்சதும் நாங்கள்தான். அந்தப் பூசணிக்காயும் எங்கடைதான். ராவிலை குளிரெண்டு என்ரை கம்பளியாலை போத்து வளத்தனான்.”

“ரெண்டு பேரும் கையைக் காட்டுங்கோ பிள்ளையள்” என்றார் யோகாம்பாள். இரண்டு பெண்களும் கைகளைக் கைத்தொலைபேசிக்கு முன் நீட்டினார்கள். நகத்திடுக்கெல்லாம் மண். “இப்ப ஆம்பிளையள் காட்டுங்கோ.” பாலேந்திரனின் கை பரவாயில்லை. பத்மநாதனின் கையில் பேனை மை மட்டும் இருந்தது.

“தீர்ப்பு” என்றார் யோகாம்பாள்.

“அதை நானெல்லோ சொல்லவேணும்?” என்றார் சண்முகலிங்கம்.

“சொல்லுங்கோ. நான் சொல்லுறதைச் சொல்லுங்கோ.”

அவர் சொல்லச் சொல்ல, கோமறைக் கழகம் துவாயைப் பிடித்துக்கொண்டு திருப்பிச் சொன்னது. கந்தப்பருக்கும் இல்லை, சின்னத்தம்பிக்கும் இல்லை, குழி இறங்கியவர்களுக்கு. அவர்களின் பெயர் தெரியும்வரை வழக்கு திறந்தே கிடக்கும். தோட்டத்தின் ஒப்பந்தம் வசந்தமலரின் பெயருக்கு மாற வேண்டும். ஒரே வீடு என்பதால் விதியில் இடமுண்டு. வசந்தமலரும் மேரினும் சரிபாதி. அதை எழுத்தில் வைக்க வேண்டும், ஏனென்றால் நல்ல சிநேகிதிகளும் ஒருநாள் மேடை ஏறக்கூடும். ஆண்கள் இருவரும் கூலிகள். அவர்களுக்குத் தேத்தண்ணி உண்டு, பெயரும் உண்டு.

ஆகஸ்டில் கொட்டிலின் கதவில் ஒரு பலகை ஏறியது. வேலையின் அளவுப்படி பெயர்கள் இருக்க வேண்டும் என்பது முதலாளிகளின் முடிவு. மேரின் பச்சை மையால் எழுதினார்: வசந்தமலர், மேரின், பாலேந்திரன், மண்புழு, பத்மநாதன்.

பத்மநாதன் அதை நீண்ட நேரம் பார்த்தார். “விஞ்ஞானப்படி சரிதான்” என்றார். “மண்புழுவை இன்னும் ஒரு படி மேலை போடலாம்.”

“அப்ப நான் எங்கை போறது?” என்றார் பாலேந்திரன். அவர் பசைநாடா வைத்துப் பூசணிக்காயின் இரண்டு பாதிகளையும் ஒட்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் விலகி ஒட்டியதில் காய் முன்பைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

பிறகு இரண்டு கூலிகளும் எருச் சாக்குகளைத் தள்ளுவண்டியில் ஏற்றி, தோட்டத்தின் மறுமுனைக்குத் தள்ளினார்கள். திரும்பினார்கள். திரும்பவும் தள்ளினார்கள். பத்மநாதனுக்கு முதுகு கழன்றுவிடும் போலிருந்தது. அது சனிக்கிழமை காலை. பாலேந்திரன் நின்று கைத்தொலைபேசியைப் பார்த்தார்.

“மச்சான், ராகுகாலம்.”

“எத்தினை மணி மட்டும்?”

“பதினொண்டரை மட்டும்.”

பத்மநாதன் தள்ளுவண்டியின் பிடியை மெல்லக் கீழே வைத்தார். மடக்குக் கதிரையை இழுத்து, அதில் பாதியை விட்டு அரைவாசியில் இருந்துகொண்டு, மற்றப் பாதியைத் தட்டிக் காட்டினார்.

“ராகு எண்டு ஒண்டும் கிடையாது” என்றார். “ஆனால் தொழிலாளிக்கு ஓய்வு நேரம் உண்டு. அது எவ்வளவு எண்டு நீதான் கணக்குப் பாக்கிறாய், நான் தலையிடேல்லை.”

பாலேந்திரன் வந்து மற்றப் பாதியில் இருந்தார். கதிரை முறிந்தது.

“ரெண்டு பேரும் எழும்புங்கோ!” என்று வெங்காயப் பாத்திக்குள்ளிருந்து முதலாளி கத்தினார்.